தார்ப் பீப்பாவும் வெள்ளைத் துப்பட்டியும்

தலையோடு போர்த்திய துப்பட்டியின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பல்லைத் தளர்த்தினால் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டுபோய் அடையாற்றில் போட்டுவிடும். மேலே கூரை இல்லாத மோட்டார். வலது பக்கம் என் வீட்டுக்காரர். எதிரே வெயிலில் தார்ப் பீப்பாக்கள் வரிசையாக நிற்கின்றன. கறுப்பாக, வயிறு பெருத்து, எங்களை மறிக்கவே யாரோ ஆள் நிறுத்திவைத்த மாதிரி.

"பயமா கீதாமே?" என்று கேட்டார் அவர்.

வாயில் துணி. எப்படிப் பதில் சொல்வது? தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

கொடி பிடித்திருந்தவர் கையைத் தூக்கினார்.

அந்தக் கை அப்படியே நிற்கட்டும். முன்கதை சொல்லாமல் கொடியை இறக்கிவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. எனக்கு எழுத்து தெரியாது, நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் பத்திரிகைக்கு எழுதுகிறாள். "கொடி எப்ப நன்னிமா இறங்கும்?" என்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளும் அந்தக் கொடிக்காரர் மாதிரியே உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சுல்தானின் காது

என்னைப் பெற்ற அத்தா ஜட்கா வண்டி ஓட்டியவர். கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. பின்கட்டில் லாயம். அதில் சுல்தான் என்ற குதிரை. சுல்தானுக்குக் கொள்ளு வேகவைத்த கதையைப் போன வாரம் சொன்னேன் அல்லவா? சூடான கொள்ளு குதிரைக்கு ஆகாதே என்று ஒரு வாசகர் கவலைப்பட்டு எழுதியிருக்கிறாராம். ஆறவைத்துத்தான் ஐயா கொடுப்போம். சுல்தானை நாங்கள் அப்படியெல்லாம் விட்டுவிடவில்லை.

அத்தா ரோட்டைப் பார்த்து ஓட்டி நான் பார்த்ததில்லை. ஜட்காக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான். அவர் கண் எப்போதும் சுல்தானின் இரண்டு காதுகள்மேல்தான் இருக்கும். ரோட்டைப் பார்ப்பது குதிரையின் வேலை. குதிரை எந்தப் பக்கம் போகப்போகிறதோ, அந்தப் பக்கம் முதலில் காது திரும்பும். பிறகு தலை திரும்பும். அப்புறம்தான் வண்டி. அத்தா காதைப் பார்த்து லகானை லேசாக நெஞ்சுப் பக்கம் இழுப்பார், நாக்கை மடக்கி 'த்தொ, த்தொ' என்பார், திருப்பம் முடிந்துவிடும். மயிலாப்பூர் மாடவீதி நெரிசலில்கூட அவர் சக்கரம் யார் காலிலும் ஏறியதில்லை.

சண்டைக் காலத்தில், எதிரி குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம் ஒன்று வந்தது. அப்போது ஜட்காவுக்கு அடிதடி. தெற்கு மாடவீதி மாமி ஒருவர் எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போக ஏறினார். கூடவே ஆட்டுக்கல், குழவி, ஊறுகாய் ஜாடி. அத்தனை பாரமும் பின்னால் போனதும் வண்டி மல்லாந்து, சுல்தான் முன்னங்கால் தரையில் படாமல் நிற்கிறான்.

"மாமி, முன்னாடி வாங்க! குதிரை பறக்குது!" என்று அத்தா கத்துகிறார்.

"நான் வந்தா ஆட்டுக்கல் உருண்டுடும்டா! அது எங்க மாமியாரோடது!"

"ஆட்டுக்கல்லை இட்டுக்கினு வாங்க மாமி!"

அன்றைக்குப் பின்பக்கம் தோள் கொடுத்து வண்டியை நிமிர்த்தியவர்தான் காதர். அத்தாவோடு அதே ஸ்டாண்டில் வாடகை ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளை. கையைப் பார்த்தே அத்தாவுக்குப் பிடித்துப்போயிற்று. லகான் பிடிக்கிற கை என்று சொல்லித்தான் எனக்கு நிக்காஹ் பேசினார்.

மோட்டார் பாய்

அத்தா கணக்கு போட்டது ஒன்று, நடந்தது ஒன்று. சண்டை முடிந்ததும் பட்டணத்தில் மோட்டார் பெருகியது. என் வீட்டுக்காரர் மாம்பலத்தில் ஒரு மோட்டார் ஷெட்டில் போய்ச் சேர்ந்தார். ஜட்காவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜட்கா ஓட்டிய நாளில் அவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டார். சோறு போட்டால் சாப்பிடுவார், சுவரைப் பார்ப்பார். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்றே ஆரம்பத்தில் பயந்துகொண்டிருந்தேன். ஷெட்டுக்குப் போன பிறகு கை முழுக்க எண்ணெயும் கிரீசுமாக வருவார், வாசலிலேயே பேச ஆரம்பிப்பார். பல்சக்கரம் எப்படிப் பிடிக்கிறது, பிளக் எப்படிப் பொறி விடுகிறது, எல்லாம் எனக்குச் சொல்லியாக வேண்டும். நான் மீன் கழுவிக்கொண்டே ஊம் கொட்டுவேன். பாதி புரியாது. ஆனால் அந்தப் பேச்சு நின்றுவிடக் கூடாது என்று மட்டும் இருக்கும்.

ஷெட்டில் அவருக்குக் கூட்டாளி மாணிக்கம். இரண்டு பேருமாகப் பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட இரும்பையெல்லாம் பொறுக்கி, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஒரு சின்ன மோட்டாரைக் கட்டினார்கள். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் துரு. கூரை கிடையாது. கதவைக் கயிற்றால் கட்ட வேண்டும். அது முதல்முதலில் உறுமிய அன்று என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! நான் அடுப்பில் வைத்ததையே மறந்துவிட்டேன்.

ஜட்கா ஸ்டாண்டில் அவருக்கு 'மோட்டார் பாய்' என்று பெயர் வைத்தார்கள். "இன்னா மோட்டார் பாய், உன் குதிரை இன்னிக்குப் புல்லு துன்னுச்சா, பெட்ரோல் துன்னுச்சா?" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே போவார். அத்தா சிரிக்க மாட்டார்.

மந்தைவெளித் திருப்பத்தில்

ஒருநாள் காலையில் ஜட்கா ஸ்டாண்டே பார்த்துக்கொண்டிருக்க, அவர் அந்த மோட்டாரை மந்தைவெளித் திருப்பத்தில் கொண்டுவந்து திருப்பினார். திருப்பத்துக்குள் வந்த பிறகு பிரேக்கை மிதித்தார். பின்பக்கம் சர்ரென்று வழுக்கி, முழு மோட்டாரும் குறுக்கே போய், ரோட்டோரம் குவித்துவைத்திருந்த வைக்கோலில் சொருகி நின்றது. யாருக்கும் அடி இல்லை. அல்லா காப்பாற்றினான். ஆனால் வைக்கோலுக்கு அந்தப் பக்கம் ஒரு தாய் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அத்தா ஓடிவந்தார். முதலில் குழந்தையைப் பார்த்தார். அப்புறம் மருமகனைப் பார்த்தார்.

"மாப்ளே, குதிரை குயியைப் பாத்தா நிக்கும். கொயந்தையைப் பாத்தா நிக்கும். இது நிக்குமா? இதுக்கு கண்ணு கீதா?"

"ஓட்டுறவனுக்குக் கண்ணு கீது மாமா."

"எங்க கீது? வைக்கோல்ல கீது!"

ஸ்டாண்டு முழுக்கச் சிரிப்பு. என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடையாற்றுப் பாலம் தாண்டி, ஆற்றோரப் பொட்டலில் வருஷா வருஷம் மோட்டார் வைத்திருக்கிற பெரிய வீட்டுப் பிள்ளைகள் ஒரு விளையாட்டு நடத்துவார்கள். காலித் தார்ப் பீப்பாக்களை நிறுத்திவைத்து, நடுவில் வளைந்து வளைந்து ஓட்டி, கடைசிப் பீப்பாவைச் சுற்றித் திரும்ப வேண்டும். யார் சீக்கிரம் வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். ஒரு பீப்பா சாய்ந்தாலும் ஆட்டம் போச்சு. அந்த வருஷம் சொந்த மோட்டார் இருந்தால் யாரும் சேரலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"அந்தப் பீப்பாவுங்க நடுவுல நான் ஓட்டிக் காட்டுறேன் மாமா. ஒண்ணுகூட சாயாது."

"சாஞ்சா?"

"சாஞ்சா மோட்டாரை வுட்டுடுறேன். உங்க லகானைப் புடிக்கிறேன்."

"எல்லார் முன்னாடியும் சொல்றே."

"எல்லார் முன்னாடியும்தான். சாயலேன்னா நீங்க என் மோட்டார்ல குந்தி மயிலாப்பூர் வரணும்."

அத்தா வைக்கோலில் சொருகியிருந்த மோட்டாரைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். வாக்கு கொடுத்தால் மாறுகிற ஆள் இரண்டு பேரும் இல்லை. விஷயம் என் காதுக்கு வந்தபோது நான் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தேன். எனக்கு முதலில் தோன்றியது அந்தச் சுவர்தான். மறுபடியும் அவர் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பார். அடுத்தபடியாக, அந்தப் பீப்பாக்களில் மோதி அவர் மண்டை உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. தோற்றாலும் பயம், ஓட்டினாலும் பயம். எந்தப் பக்கம் துவா கேட்பது என்றே தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்துக் கேட்டேன்.

மண்ணெண்ணெய் டின்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பொட்டலில் போய்ப் பழகினார்கள். பெட்ரோல் ரேஷன் காலம். கிடைத்த கொஞ்சத்தில்தான் பழக வேண்டும். பீப்பாவுக்குப் பதிலாகக் காலி மண்ணெண்ணெய் டின்களை வைத்துக்கொண்டார்கள். நான் நாஸ்தா கட்டிக்கொண்டு அத்தாவுக்குத் தெரியாமல் போவேன். ஆற்றோரம் ஒரு பனைமரத்தடியில் நிற்பேன்.

இவர் நேராகப் போகும்வரைக்கும் ராஜா மாதிரி போவார். வளைவு வந்ததும் கெட்டுவிடும். டமால்! ஒரு டின் சப்பை. இன்னொரு டமால். ஒவ்வொரு டமாலுக்கும் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். கூடவே சிரிப்பும் வரும். அந்த வயசு அப்படி.

மாணிக்கம் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டே வருவார்.

"பிரேக்கு நேர்லயே போடு நைனா! வளைவுல போட்டா பின்னாடி கீறது முன்னாடி வந்து 'இன்னா சேதி'ன்னு கேக்கும்!"

"தெரியும்டா."

"தெரிஞ்சுக்கினு ஏன் போடுறே? அப்பால, ஸ்டியரிங்கை ஏன் நெஞ்சுக்கு இழுக்குறே? அது இன்னா லகானா?"

அதுதான் வினை. வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. வளைவு வந்தால் அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நெஞ்சுப் பக்கம் இழுப்பார். குதிரை அடங்கும், இரும்பு எங்கே அடங்கும்? 'த்தொ, த்தொ' என்று வேறு சொல்வார். மாணிக்கம் தலையில் அடித்துக்கொள்வார்.

இன்னொன்றும் இருந்தது. எதில் மோதிவிடுவோம் என்று பயப்படுகிறாரோ அந்த டின்னையே பார்த்துக்கொண்டு ஓட்டுவார். கண் எங்கே போகிறதோ மோட்டார் அங்கேயே போயிற்று.

"டின்னைப் பாக்காதே பாய், டின்னைத் தாண்டிப் பாரு!"

"தாண்டி இன்னாத்தைடா பாக்கறது? அங்க ஒண்ணுமே இல்லியே! முன்னாடி மொட்டையா கீது!"

சப்பையான டின்களை நான் பொறுக்கிக் கொண்டுவந்து காலால் மிதித்து நிமிர்த்தி வைப்பேன். அடுத்த வாரம் மறுபடியும் அதே டின்.

விளையாட்டுக்கு முந்தின ஞாயிறு மணலில் வழுக்கி மோட்டார் ஒரு சுற்று சுற்றியே விட்டது. கயிற்றுக் கதவு திறந்துகொள்ள, மாணிக்கம் பாதி வெளியே தொங்கினார். முட்டி அடிபட்டுப் பூசணிக்காயாக வீங்கிப்போயிற்று. நான் பனைமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைப் பார்க்கிற அந்த முகம் வந்துவிட்டது.

பூசணிக்காய் முட்டி

விளையாட்டு நாளன்று பொட்டல் முழுக்க ஜனம். வேர்க்கடலைக்காரன், சோடாக்காரன், தொப்பி போட்ட துரைகள், குடை பிடித்த துரைசாணிகள். பளபளவென்று ஒரு வரிசை மோட்டார். அதன் கடைசியில் எங்கள் பச்சைத் துரு. வேலிக்கு வெளியே ஜட்கா ஸ்டாண்டு மொத்தமும் வந்து இறங்கியிருந்தது. அத்தா சுல்தானை வேலியோரம் நிறுத்தி, ஜட்காவின் முன்பலகையில் ஏறி நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் அத்தனை பீப்பாவும் தெரியும்.

ஒவ்வொரு மோட்டாரிலும் இரண்டு பேர் உட்கார வேண்டும் என்பது அங்கே சட்டம். மாணிக்கம் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். முட்டியை மடக்கிப் பார்த்தார். "ஐயோ" என்று அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"முடியாது நைனா. மன்னிச்சுக்கோ. காலு கேக்கல."

என் வீட்டுக்காரர் சுற்றிலும் பார்த்தார். ஜட்கா ஸ்டாண்டு ஆட்கள் வானத்தைப் பார்த்தார்கள். மந்தைவெளி வைக்கோலைப் பார்த்தவர்கள் யார் ஏறுவார்கள்?

"ஆளில்லேன்னா வுட்டுடு மாப்ளே," என்றார் அத்தா வேலிக்கு அப்பாலிருந்து. குரலில் கேலி இல்லை. "வா, வூட்டுக்குப் போவலாம்."

இவர் ஸ்டியரிங்கின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கையை நான் பார்த்தேன். மோட்டார் கிளம்பும் முன்பே அது ஸ்டியரிங்கை நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"நான் குந்திக்கிறேன்," என்றேன்.

சொன்னது நானா என்று நானே திரும்பிப் பார்த்தேன்!

"இன்னாது?" என்றார் அத்தா. "துப்பட்டி போட்டுக்கினு மோட்டார் ரேசா? ஜைனு, கீய எறங்கு!"

"இன்னும் ஏறவே இல்ல அத்தா," என்று சொல்லிக்கொண்டே ஏறினேன்.

கொடி பிடித்திருந்தவர் மயிலாப்பூர் வக்கீல் வீட்டுப் பிள்ளை. தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "பொம்மனாட்டியை ஏத்திண்டா ஓட்டப்போறேள்?"

"சட்டத்துல ரெண்டு பேருன்னுதானே சாமி கீது?" என்று மண்ணில் உட்கார்ந்தபடியே மாணிக்கம் கேட்டார். "ஆம்பளைன்னு கீதா?"

அவர் யோசித்தார். "இல்லைதான்," என்றார். சிரித்துவிட்டார். "சரி, கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ அம்மா."

எதைப் பிடித்துக்கொள்வது? கதவு கயிற்றில் இருக்கிறது. துப்பட்டியின் முனையை வாயில் வைத்துக் கடித்தேன். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தேன். இவர் "பயமா கீதாமே?" என்று கேட்டார். கொடிக்காரர் கையைத் தூக்கினார்.

கொடி இறங்கியது

இதோ இறக்கிவிட்டேன். பேத்தி பெருமூச்சு விடுகிறாள்.

மோட்டார் பாய்ந்தது. முதல் பீப்பா ஓடி வந்தது. பீப்பாதான் ஓடி வருகிற மாதிரி இருந்தது! அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்த்தால் மோதிவிடும் என்று பயம். அதனால் அதை விட்டுவிட்டு அதற்கு அடுத்த பீப்பாவைப் பார்த்தேன். அது தூரத்தில் இருந்தது, கொஞ்சம் தேவலை.

துப்பட்டி போட்டவர்களுக்குத் தெரியும். ஓரக்கண்ணால் எதையும் பார்க்க முடியாது. பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் முழுத் தலையையும் திருப்ப வேண்டும். அப்படித்தான் திருப்பினேன். மோட்டார் அந்தப் பக்கம் வளைந்தது. டமால் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

பயம் எப்போதும் கொஞ்சம் முன்னாலேயே வந்து நின்றுவிடும். வளைவுக்கு வெகு முன்பே என் கால் இரண்டும் தரைத் தகட்டை அழுத்தி, உடம்பெல்லாம் விறைத்துக்கொள்ளும். இன்றைக்கும் பேரன் காரில் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போகும்போது அப்படித்தான். "அங்க பிரேக் இல்ல நன்னிமா," என்பான். இருந்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கு நான் தகட்டை அழுத்திய அதே நேரத்தில் பக்கத்தில் அவரும் பிரேக்கை அழுத்தினார். நேரிலேயே வேகம் குறைந்தது. வளைவுக்குள் நுழையும்போது காலை எடுத்துவிட்டார். மோட்டார், எண்ணெய் போட்ட கீல் மாதிரி வளைந்தது.

இடது பக்கம் தலையைத் திருப்பினேன், வலது பக்கம் திருப்பினேன். கண்ணில் மண், பல்லில் துணி, காதில் 'பட பட பட' என்று துப்பட்டி. கடைசிப் பீப்பாவைச் சுற்றும்போது ஆற்றுத் தண்ணீர் சாய்ந்து தெரிந்தது. அவ்வளவுதான், கவிழ்ந்தோம் என்று கண்ணை மூடி, கடைசி நேரத்தில் சொல்கிற கலிமாவைச் சொல்லத் தொடங்கினேன். வாயில் துணி இருந்ததால் அதுவும் பாதிதான் வந்தது. கண்ணைத் திறந்தால் மோட்டார் திரும்பி, நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. இவர் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை நெஞ்சுக்கு இழுக்கவில்லை. தளர்வாக, குழந்தையின் தொட்டிலைப் பிடித்த மாதிரி பிடித்திருந்தார்.

வரும் வழியிலும் ஒவ்வொரு பீப்பாவாகக் கடந்தது. இன்னும் ஒன்றே ஒன்று. அதற்கு வலது பக்கமாக ஒதுங்கிப் போனால் முடிந்தது.

அப்போது இடது பக்கம் வேலியோரத்தில் அத்தா தெரிந்தார். ஜட்கா பலகையில் நின்றபடி இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அத்தாவைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

மோட்டார் இடது பக்கம் வெட்டியது.

பீப்பா என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தார் வாசனை துப்பட்டிக்குள் புகுந்தது. மட்கார்டு பீப்பாவின் வயிற்றில் 'டங்' என்று இடித்தது. நாங்கள் கோட்டைத் தாண்டிப் போய் நின்றோம்.

எல்லாரும் பீப்பாவையே பார்த்தார்கள். அது ஒரு பக்கம் சாய்ந்தது. அடிப்பாகம் தூக்கியது. எனக்கு அந்தச் சுவர் கண்ணில் வந்து நின்றது. பீப்பா திரும்ப இந்தப் பக்கம் சாய்ந்தது. மறுபடி அந்தப் பக்கம். குடித்தவன் மாதிரி ஆடியது. ஆடி ஆடி, கடைசியில் ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு நின்றது.

நின்றேவிட்டது!

"சாயல! சாயல!" என்று மாணிக்கம் தடியைத் தூக்கி எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் குதிக்கிறார்.

தொட்டுவிட்டதால் எங்கள் நேரத்தில் கொஞ்சம் கூட்டிவிட்டார்கள். கோப்பை யாரோ ஒரு பளபள மோட்டாருக்குப் போயிற்று. போகட்டும். எங்கள் பேச்சு சாயக் கூடாது என்பதுதானே?

யார் பார்த்தது எதை

இவர் மோட்டாரை நிறுத்திவிட்டு என்மேல் பாய்ந்தார்.

"ஏன்மே கடைசில அந்தப் பக்கம் திரும்பினே?"

துணியை வாயிலிருந்து எடுத்தேன். "நான் திரும்பினா உங்களுக்கு இன்னா? நானா ஓட்டுறேன்?"

அவருக்கே அப்போதுதான் உறைத்தது. அத்தா வேலியைத் தாண்டி வந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மேல நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன்," என்றார். "மொதல்ல இவ துப்பட்டி திரும்புது. அப்பால வண்டி திரும்புது. ஒவ்வொரு பீப்பாவுக்கும் அப்படித்தான். மாப்ளே, நீ காதைப் பாத்துக்கினே ஓட்டியிருக்கே!"

"இன்னா காது?"

"சுல்தான் காதுதான்! மோட்டார்ல உனக்கு முன்னாடி மொட்டையா இருந்துச்சு. இன்னிக்கு என் பொண்ணு தலை கெடைச்சுது."

ஜட்கா ஸ்டாண்டு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் கோபமான கோபம். என்னைக் குதிரை ஆக்கிவிட்டார்களே! இவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "பக்கத்துல வெள்ளையா ஒண்ணு திரும்புச்சு. கை தன்னால போச்சுமே. எனக்கே தெரியல."

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அத்தா பச்சைத் துருவைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். பல் பார்க்கக் குதிரையின் வாயைத் திறப்பதுபோல முன்பக்கத்தில் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் அன்றைக்குப் பார்த்த பயத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

"வாக்கு வாக்குதான்," என்றார். "ஆனா சுல்தானை யாரு ஓட்டுவா? இவனுங்களுக்கு அவனவன் வண்டி கீது."

"என்னைப் பாக்காதீங்க," என்றார் மாணிக்கம். "எனக்கு குதிரைன்னா பேதி."

அத்தா என்னைப் பார்த்தார். லாயத்திலிருந்து தெருக்குழாய்வரை சுல்தானை நடத்திக்கொண்டு போய்த் தண்ணீர் காட்டியவள் நான். ஆனால் ரோட்டில்? ஜனங்கள் முன்னால்?

"ஜைனு, நீ புடி," என்றார். "மெதுவா. அவனுக்கு வூடு தெரியும்."

"நான் உன் பின்னாடியே வர்றேன்மே," என்றார் இவர். "முன்னாடி காது இருந்தா நல்லதுதான்."

முன்பலகையில் ஏறி உட்கார்ந்து லகானைப் பிடித்தேன். மாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் வைக்கோலில் ஏறிப் படுத்துக்கொண்டார். சுல்தான் கிளம்பினான். பின்னால் மோட்டார் உறுமியது. "பாத்து மாப்ளே, பாத்து!" என்று அத்தாவின் குரல். "த்தொ, த்தொ!" அதுவும் அத்தாதான்.

பாலம் வந்தது. இரண்டு பக்கமும் ஆறு. ஜட்காவின் கூண்டு முன்னும் பின்னும் திறந்திருக்கும். பின்னால் வருகிறவருக்கு என் வெள்ளைத் தலை நன்றாகத் தெரியும். அத்தா மோட்டாரில் உட்கார்ந்திருக்கிற அழகைத் திரும்பி ஒரே ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குக் கழுத்தெல்லாம் துடித்தது. துப்பட்டியை மறுபடியும் பல்லில் கடித்துக்கொண்டேன். சுல்தானின் காதுகளுக்கு நடுவே மயிலாப்பூர் இருக்கும் பக்கத்தையே பார்த்தேன்.

பாலம் முடிகிறவரை நான் திரும்பவில்லை. திரும்பினால் அவரும் திரும்பிவிடுவாரே.